மாதத்தில் ஒரு மவுத்து நாள்

கிங்ஸ் சர்க்கிளில் நாம் வழக்கமாக உட்காரும் ஓட்டல், அதே சுவரோர மேஜை. டபரா காபி வந்து மணம் மூக்கில் ஏறியதுமே உன் குரல்தான் முதலில் கேட்டது, "ஆறிப்போறதுடீ, பேசினது போறும், குடி" என்று. குடித்துவிட்டேன். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாயிற்று. சாயங்காலம் வரை நான் உயிரோடு இல்லை. பதறாதே, எனக்கு நோய் நொடி ஒன்றுமில்லை, இட்லியும் வடையும் உள்ளே போயிருக்கின்றன. இந்த மாதம் மவுத்தாகிற, செத்துப்போகிற முறை எனக்கு, அவ்வளவுதான்.

தாராவியில் நம் எம்ப்ராய்டரிப் பட்டறையில், நம் கார்கானாவில், இந்நேரம் என் நாற்காலிமேல் அந்த வெள்ளை வேட்டி விழுந்திருக்கும். கீழே எம்ப்ராய்டரி மெஷின்கள் ஓடும் சத்தத்தில் ஷப்னம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். என் மகளைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்த்தவள் நீ, அவள் கத்தல் உனக்குத் தெரியும். இன்று சாயங்காலம் டெம்போவில் ஏற வேண்டிய கல்யாணச் சரக்கு இருக்கிறது. கடைசி நேரத்தில் "பூவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க, கொடியைக் கொஞ்சம் வளைங்க" என்று உயிரை வாங்குகிற பார்ட்டியின் சரக்கு. வேண்டுமென்றேதான் இந்த நாளைப் பார்த்துச் செத்தேன். வேலையில்லாத நாளில் செத்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

நான் இல்லாமல் நம் டிசைன்கள் திறக்குமா, திறந்தால் அவர்களால் மாற்ற முடியுமா, மாற்றினால் துணியில் சரியாக விழுமா. இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். முடியவில்லை என்றால் நாளைக்கு நான் நிஜமாகவே போனதும் கார்கானாவும் என் பின்னாலேயே வந்துவிடும். அதற்காகத்தான் இங்கே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன். சும்மா உட்கார எனக்கு வராது என்று உனக்குத் தெரியுமே. அதனால் கல்லாவில் நாலு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி உனக்கு எழுதுகிறேன்.

சயானில் அந்த கம்ப்யூட்டர் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்கார வைத்தார்கள். நீ மாட்டுங்காவிலிருந்து வருவாய், பாங்க் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாய். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர், ஷப்னத்தின் வாப்பா, பழைய எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டார், அதற்கு டிசைன் போடத் தெரிந்த ஆள் இல்லை. அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தாலே தூக்கம் வரும், அதனால் நான் வந்தேன். முதல் நாள் மவுஸ் யார் கையில் என்று நமக்குள் சண்டை. நீ விட்டுக்கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வாத்தியார் வந்து ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று பிரித்துக் கொடுத்தார்.

"நோக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றாய் நீ. "ஒனக்கு மட்டும் என்னளா கொறச்சலா" என்றேன் நான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

உன் பேச்சு எனக்கும் என் பேச்சு உனக்கும் பாதிதான் புரியும். மீதிக்கு இந்தியைப் போட்டு நிரப்பிக்கொள்வோம். உனக்கு பாங்கில் கம்ப்யூட்டர் பிரிவிலேயே வேலை கிடைத்தது. நான் கார்கானாவின் மாளாவில், தகரக்கூரை தலையில் இடிக்கிற அந்தப் பரண் மாடியில், பஞ்சிங் செய்ய உட்கார்ந்தேன். வெளியாட்களுக்குப் பஞ்சிங் என்றால் காகிதத்தில் ஓட்டை போடுவது என்று நினைப்பு. உண்மையில் அது ஒரு பூவைத் திரையில் வரைந்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று குத்துக் குத்தாக அதற்குச் சொல்லிக்கொடுப்பது. ஒரு நல்ல மல்லிகைக் கொடிக்கு ஒரு வாரம் பிடிக்கும். முதுகு போய்விடும்.

அப்படி முதுகைக் கொடுத்துப் போட்ட டிசைன்களையெல்லாம் ஃபிளாப்பியில் ஏற்றி என் பீரோவில் வைத்திருந்தேன். கல்யாணப் புடவைகளுக்கு நடுவில், பட்டுத்துணியில் சுற்றி. எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவோம். பீரோவைத் திறந்து ஃபிளாப்பி டப்பாவுக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் மூடுவேன், தொழில் பெருக பரக்கத் வேண்டாமா? ஒரு நாள் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை. ஒன்று மாற்றி ஒன்று போடுகிறேன், கர்ர் கர்ர் என்று இருமுகிறது. நீ வந்து டப்பாவை முகர்ந்து பார்த்தாய். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அது மேல பொகை படப்படாதுடீ. அல்லாவுக்கும் தெரியும் அது, நோக்குத்தான் தெரியலை" என்றாய். சிரித்து முடித்ததும் உன் முகம் மாறிவிட்டது. போனதில் எதெது என்று கேட்டாய். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னாய்: "ரெண்டு எடத்துல இல்லாதது இல்லவே இல்லைன்னு அர்த்தம்."

அதற்கப்புறம் ஃபிளாப்பி போய் சிடி வந்தது, சிடி போய் கையடக்க ஹார்ட் டிஸ்க் வந்தது. நாங்கள் செம்பூருக்கு வீடு மாறினோம். ஒன்று கார்கானாவில், ஒன்று செம்பூரில் என் வீட்டில், ஒன்று மாட்டுங்காவில் உன் வீட்டில் என்று மூன்று டிஸ்க். ஒன்றில் வெள்ளம் வந்தால் ஒன்றில் வராது என்று நீ இடம் பார்த்துப் பிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை இதே மேஜையில் டிஸ்க் மாற்றிக்கொள்வோம். நீ அதை எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டுக் கைத்துண்டால் கட்டிக் கொண்டுவருவாய். லேப்டாப் பை என்றால் ரயிலில் எவனாவது தூக்கிப் போய்விடுவான், சாப்பாட்டு டப்பாவை பம்பாயில் ஒருத்தனும் தொடமாட்டான் என்பது உன் கணக்கு. சரியான கணக்குத்தான். சர்வர் ஒரு தடவை, வெளிச்சாப்பாடு உள்ளே அனுமதி இல்லை என்று சண்டைக்கே வந்துவிட்டான். நீ டப்பாவைத் திறந்து காட்டினாய், அவன் டிஸ்க்கையும் நம்மையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

பாங்கில் விருப்ப ஓய்வு கொடுத்ததும் நீ நேராக வந்து கார்கானாவில் பங்காளியாக உட்கார்ந்துவிட்டாய். அப்புறம்தான் எனக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. மெஷின் படிக்கிற ஃபைல் வேறு, நாம் வரைந்த ஒரிஜினல் ஃபைல் வேறு என்று எல்லோர் மண்டையிலும் ஏற்றினாய். மெஷின் ஃபைலில் ஊசி இறங்கும் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும், அதை இழுத்துப் பெரிதாக்கினால் நூலுக்கு நூல் இடைவெளி விழுந்து துணி பல் இளிக்கும். ஒரிஜினல் கையில் இருந்தால்தான் பூவைப் பெரிதாக்கலாம், கொடியை வளைக்கலாம், அடுத்த வருஷம் புது டிசைன் என்று விற்கலாம். பக்கத்து கார்கானாக்காரர்கள் மெஷின் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எல்லாம் பத்திரம் என்று நெஞ்சைத் தட்டிக்காட்டுவார்கள். நீயும் தலையை ஆட்டுவாய். வெளியே வந்ததும், "எலும்பில்லாம தோலை மட்டும் பொட்டியில வெச்சுப் பூட்டியிருக்கான் பாவம்" என்பாய்.

அதோடு விட்டாயா? ஒரு நாள் வேலை உச்சத்தில் இருக்கும்போது, உன் வீட்டுக்காரருடைய பழைய வெள்ளை வேட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து கம்ப்யூட்டர்மேல் போர்த்தினாய். நான் கீழிருந்து ஏறிவந்து பார்த்தேன். வெள்ளைத் துணி போர்த்தி, அசையாமல் அது கிடக்கிறது.

"என்னளா இது, கம்ப்யூட்டர் மவுத்தாயிட்டா?" என்றேன்.

"ஆமாம். இப்போ என்ன பண்ணுவே?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. சாயங்காலம் வரை அந்த கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது. செம்பூர் டிஸ்க்கை வரவழைத்து, உன் லேப்டாப்பில் போட்டு, ஷப்னம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிசைனைத் தொட வேண்டும். தொட்டதைத் திறந்து, சைஸ் மாற்றி, மெஷினுக்கு அனுப்பி, துணியில் தைத்து எடுக்க வேண்டும். திரையில் பார்த்தால் உனக்குப் போதாது. "தைச்சுக் காட்டு, அப்பறம் இருக்குன்னு ஒத்துக்கறேன்" என்பாய். மெஷின் நிற்க நிற்க என் வயிறு எரியும். காலிபீலியாக, வீணுக்கு நேரத்தைத் தின்கிறாள், பாங்க் மாமிக்குத் தொழில் தெரியுமா என்று ஷப்னத்தின் வாப்பாவிடம் உன்னைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அவர் சிரிப்பார். மாதத்தில் ஒரு நாள் இந்தக் கூத்து. கார்கானா முழுக்க அதற்கு மவுத்து நாள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தேதியும் சொல்லமாட்டாய். பையிலிருந்து வேட்டி வெளியே வந்தால் அன்றைக்கு என்று அர்த்தம்.

நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன், ஆனால் ஒவ்வொரு மாதமும் தைத்துக் காட்டினேன். ஒரு மாதம்கூட நாம் தோற்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு நன்றாக ஏறிவிட்டது. யார் வந்தாலும், என்ன நடந்தாலும் எங்கள் டிசைன் போகாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அதைப்பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆஸ்பத்திரி, மருந்து, தலைமுடி கொட்டியதும் நீ கட்டிக்கொண்ட அந்த நீலத் துப்பட்டா. அது நான் கொடுத்தது. "உன்னை மாதிரியே ஆயிட்டேன் பாரு, இனிமே நானும் தாராவிதான்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாய். சிகிச்சைக்கு நடுநடுவே கார்கானாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாய். உடம்பில் சதையே இல்லாவிட்டாலும் தோள்பை மட்டும் இறங்கவில்லை.

அந்த நாளைத்தான் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காலையில் நீ வரவில்லை. போன் போட்டால் அணைத்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் போனும் அணைத்திருக்கிறது. ஷப்னத்தை மேலே விரட்டினேன். ஷப்னம் மாளாவுக்கு ஏறிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது, ஆனால் மாமி உட்காரும் நாற்காலியில் வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறது என்றாள். முந்தின நாள் சாயங்காலம் போகும்போதே போர்த்திவிட்டுப் போயிருக்கிறாய்.

எனக்குக் கோபம் ஏறியது. இதெல்லாம் விளையாடுகிற விஷயமா? ஆனாலும் உன்னிடம் தோற்கக்கூடாது என்று வீம்பு. டிஸ்க் எடு, டிசைன் எடு என்றேன். கம்ப்யூட்டர் இருக்கிறது, டிஸ்க் இருக்கிறது, ஒரிஜினல் ஃபைல்கள் அத்தனையும் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைத் தட்டினால் திறக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்கிறது.

டாங்கிள். சாஃப்ட்வேர் வாங்கும்போது கூடக் கொடுக்கிற விரல்நீளச் சாவி. அது செருகியிருந்தால்தான் ஒரிஜினல் ஃபைல் எதுவும் திறக்கும். கார்கானாவில் கூரை ஒழுகுகிறது, திருட்டு பயம் வேறு என்று அதை நீ தினமும் சாயங்காலம் கழற்றி உன் வீட்டுச் சாவிக்கொத்தோடு கோத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு போவாய். காலையில் நீயே செருகுவாய். மவுத்து நாள் ஒவ்வொன்றிலும் நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய், உன் தோளில் பை தொங்கியிருக்கிறது, சாவி அதிலிருந்து வந்திருக்கிறது. ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. மூன்று இடத்தில் டிசைன் இருந்தது, அதைத் திறப்பது ஒரே ஒரு தோளில் தொங்கியது. அன்று பகல் முழுக்க மெஷின் ஃபைலை வைத்துப் பழைய அளவிலேயே தைத்து ஒப்பேற்றினோம். சைஸ் மாற்றம் கேட்ட பார்ட்டிக்கு நாளைக்கு வா என்று சொல்ல வேண்டியதாயிற்று. நம் கார்கானாவில் யாரும் அதுவரை சொல்லாத வார்த்தை அது.

சாயங்காலம் நேராக உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துகொண்டார். நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பை கட்டில் கம்பியில் தொங்கியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏட்டி, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா, நான் என்னன்னு நினைச்சுப் பதறியிருப்பேன் என்று கத்தினேன். நீ நான் முடிக்கும்வரை காத்திருந்தாய்.

"ஆஸ்பத்திரியில படுத்துண்டு இந்தப் பையையே பாத்துண்டிருந்தேன், நூரு. அப்போதான் தோணித்து. எல்லாத்தையும் சாகடிச்சுப் பாத்தோம், நான் செத்துப் பாக்கவே இல்லையே. இனிமே பாத்துடறதுதான் நல்லது."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். உன் முன்னால் நான் அழுதது அன்றுதான். நீ அழவில்லை. பைக்குள் கைவிட்டு, சாவிக்கொத்திலிருந்து டாங்கிளைக் கழற்றி என் கையில் வைத்தாய். மறுநாளே இரண்டாவது டாங்கிள் வாங்கச் சொன்னாய். பாஸ்வேர்ட் எதுவும் ஒரே மண்டைக்குள் இருக்கக்கூடாது என்றாய். அதன்பின் வந்த மவுத்து நாட்களிலெல்லாம் வேட்டி உன் நாற்காலியில்தான் விழுந்தது. ஷப்னத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று அகப்பட்டது, உன்னிடம் மட்டும் இருப்பது. நூல் நிறங்களுக்கு நீ வைத்த குறிகள், எந்தப் பார்ட்டிக்கு எந்த டிசைனை விற்கக்கூடாது என்ற வாக்கு, எல்லாம் ஒவ்வொன்றாக உன்னிடமிருந்து இறங்கி எங்களிடம் வந்தன. கடைசி மாதம் ஒன்றுமே அகப்படவில்லை. நாங்கள் தைத்த துண்டுத்துணியைக் கொண்டுவந்து காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாய். "பேஷ். நான் இல்லாட்டாலும் ஒண்ணும் ஆகலை" என்றாய். உனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அந்தத் துணியைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் கிங்ஸ் சர்க்கிள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. உன் பதின்மூன்றாம் நாள் கழிந்த ஞாயிறு உன் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. ஓட்டலில் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஓடி வந்தேன். இதே மேஜையில், எதிரில் டிபன் டப்பா, கைத்துண்டு கட்டியபடி.

"ஞாயித்துக்கிழமை தவறப்படாதுன்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா. நீங்க உங்களோடதைக் கொண்டு வரலையா?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் பக்கம் தலைகாட்டாத மனிதர் அவர். அடுத்த ஞாயிற்றிலிருந்து நானும் டப்பாவோடு வந்தேன். காபி குடித்துவிட்டு டப்பாவை மாற்றிக்கொண்டு போவோம்.

அந்த வருஷ மழையில்தான் எல்லாம் வந்து முட்டியது. மறுநாள் மாற்றிக் கொடுப்பதற்காகச் செம்பூர் டிஸ்க்கை கார்கானாவுக்குக் கொண்டுவந்திருந்தேன். மத்தியானமே வானம் பிய்த்துக்கொண்டது, ரயில் நின்றது, தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவதைவிட மாளாவில் இருப்பதே பத்திரம் என்று வைத்துவிட்டு வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன், சண்டைக்கு வராதே. விடிந்து வந்து பார்த்தால் காற்று கூரைத் தகரத்தையே உரித்துக்கொண்டு போயிருக்கிறது. மாளா முழுக்கத் தண்ணீர். கம்ப்யூட்டர், கார்கானா டிஸ்க், செம்பூர் டிஸ்க் மூன்றும் ஊறிக் கிடந்தன. நெட்டில் நீ ஏற்றிவைத்த பிரதியும் ஒன்று இருந்தது, ஆனால் கேபிள் அறுந்து தாராவி பாதிக்கும் லைனே இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. கீழே மெஷின்கள் திண்டுமேல் இருந்ததால் தப்பித்தன. சீசன் வேலை தலைக்குமேல் நின்றது. ஆட்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிசைன் போனால் மெஷின் இருக்கும், கார்கானா இருக்காது. அடுத்தவன் டிசைனைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற கடையாகிவிடும்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தேன். உன் வீட்டுக்காரர் சமையலறை மேல்தட்டிலிருந்து, துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னாலிருந்து, டப்பாவை எடுத்தார். திறந்தேன். டிஸ்க்கைச் சுற்றிச் சின்னச்சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். மாத்திரை பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டிருப்பார்களே, அவை. உன் மருந்து பாட்டில்களிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்து, இந்த மழைக்கென்று உள்ளே போட்டாராம்.

"வேலை செய்யுமான்னு தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"செய்யும். மாசம் ஒண்ணு தொறந்து பாக்கணும்னு அவ சொல்லித் தந்திருக்கா, அவளோட லேப்டாப்புல. போன மாசம் அந்த மாங்காக் கொடி பார்த்தேன். ரொம்ப அழகா இருந்தது" என்றார்.

இரண்டாவது டாங்கிள் அந்த லேப்டாப்பிலேயே செருகியிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்தோம், அவரும் கூடவே குடைபிடித்துக்கொண்டு வந்தார். ஷப்னம் உட்கார்ந்து திறந்தாள். எல்லாம் இருந்தது. நீயும் நானும் முதன்முதலில் சேர்ந்து போட்ட கோணல் ரோஜாப்பூ வரைக்கும் இருந்தது. மத்தியானத்துக்குள் மெஷின் ஓடியது. எவ்வளவு மழை பெய்தும் ஒரு பார்ட்டிக்கும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. பக்கத்து கார்கானாக்காரர்கள் எட்டிப்பார்த்து, எப்படி அக்கா என்று கேட்டார்கள். மாளாவில் ஒருத்தி செத்துச் செத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை, மழையில் நனைந்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று போய்விட்டார்கள்.

இப்போது மாதாமாதம் ஒருத்தர் மவுத்து. கம்ப்யூட்டர் ஒரு மாதம், டாங்கிள் ஒரு மாதம், ஷப்னத்தின் வாப்பா ஒரு மாதம். அவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறார். இந்த மாதம் நான். இங்கே உட்கார்ந்தபின்தான் எனக்கு உன் அன்றைய நிலைமை தெரிகிறது. போனைப் போடு, போனைப் போடு என்று கை அரிக்கிறது. அவர்கள் தவித்துக்கொண்டிருப்பார்களோ என்று ஒரு மனசு, தவிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு மனசு. இதைத்தானே நீ கட்டிலில் படுத்துக்கொண்டு பொறுத்தாய், அதுவும் நிஜமாகவே போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு. உன்னைப் போலத் தைரியசாலியை நான் பார்த்ததில்லை. இதை நீ இருக்கும்போதே சொல்லியிருப்பேன், நீ பேசவிட்டால்தானே.

சர்வர் மூன்று தடவை வந்து பில் வேண்டுமா என்று கேட்டுவிட்டான். எழுதியதைத் திருப்பிப் பார்க்கிறேன். நாலு தாள், ஒரே பிரதி. நீ பார்த்தால் விடுவாயா? போன் உயிர்த்ததும் படம் எடுத்து உன் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் ஷப்னத்துக்கு? அவளுக்குத் தமிழ் பேச்சு பிய்த்து உதறும், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் படித்து முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். திறக்கத் தெரியாதவள் கையில் கொடுத்தால் அது பிரதியில்லை. நான் படித்துக் காட்டலாம்தான். ஆனால் அது நீ தோளில் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற கதையாகிவிடும். ஆகவே இன்று வீட்டுக்குப் போய் இதை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். தட்டுத்தடுமாறி அவளே படிக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

இதற்குமேல் முடியவில்லை. போனைப் போட்டுவிட்டேன்.

போட்டதும் ஷப்னத்தின் குரல் வந்து கிடந்தது. கேட்டுவிட்டு, அவள் சொன்னபடியே உனக்கும் எழுதுகிறேன். "உம்மா, டெம்போ போயிட்டு. பூவைப் பெரிசாக்கச் சொன்னான், ஆக்கித் தைச்சுக் குடுத்துட்டேன். ஒங்கள நெனைக்கவே நேரமில்ல. மெதுவா வாங்க." கொஞ்சம் மெஷின் சத்தம். பிறகு, "அடுத்த மாசம் நான் மவுத்து, சரியா? நான் இல்லாம நீங்க என்ன செய்றீங்கன்னு பாக்கணும்."

வாயைக் கழுவுடி என்று கத்தப் போனேன். தாய் இல்லையா நான்? ஆனால் அது அவள் பேச்சில்லை, உன் பேச்சு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக அவள் வாயில் வந்திருக்கிறது. என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. உன் கணக்குப்படியே பார்த்தாலும் நீ இருக்கிறாய்.

சரி என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன்.